தவக்காலத்தில் வந்த ஆல்பம்

எனக்குப் பிடித்த ராக் குழுவின் புதிய ஆல்பத்தை நான் முதலில் காதால் கேட்கவில்லை. கடையில் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க, எதிரே நின்று அவர் முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு எப்படி இருக்கிறது என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட ஒன்றும் தெரியவில்லை.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஓர் உரக்கடை. விதை, உரம், பூச்சிமருந்து. கல்லா எனக்கு, வெளிச்சுற்று அவருக்கு. கடையில் நான் வைத்திருக்கும் ஸ்பீக்கரில் காலையிலிருந்து இந்தக் குழுவின் பாட்டுதான் ஓடும். உளுந்துக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் அந்தக் கிடார் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்க வேண்டும். "என்னக்கா, பாட்டுக்காரருக்கு எதாவது வயித்துவலியா?" என்று கேட்பார்கள். "உங்க பயிருக்கு மஞ்ச நோய் வந்தா நீங்க எப்படிக் கத்துவீங்க, அந்த மாதிரிதான்" என்பேன். வருஷக்கணக்காக இதே கேலி, இதே பதில். அவர்களுக்கும் சலிக்கவில்லை, எனக்கும் சலிக்கவில்லை.

அந்தப் பாடகரின் கத்தலைத்தான் நான் காதலித்தேன் என்று சொன்னால் என் கணவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கே தெரியும். தஞ்சாவூரில் கல்லூரியில் படித்தபோது ஒரு கலைவிழாவுக்குச் சென்னையிலிருந்து அந்த நாலு பேர் வந்தார்கள். தமிழில் ராக் பாட்டு என்றதும் நாங்கள் சிரிக்கத் தயாராகத்தான் போய் உட்கார்ந்தோம். மூன்றாவது பாட்டின் முடிவில் அந்த ஆள் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்து மேலே மேலே கொண்டுபோனார். குரல் உடையப்போகிறது என்று நாங்கள் பயந்த இடத்தைத் தாண்டியும் போனார். அன்றைக்கு இரவே விடுதி மொட்டைமாடியில் நானும் அப்படிக் கத்திப் பார்த்து வார்டனிடம் திட்டு வாங்கினேன்.

அந்தக் கத்தல் கடைசியில் கோயிலில்தான் எனக்கு உதவியது. எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வெள்ளியன்று, சனங்கள் வரிசையாகப் போய்ச் சிலுவையை முத்தமிட்டு வணங்கும்போது, மாதா தன் மகனைப் பார்த்து அழுகிற ஒரு புலம்பலைப் பாடுவது வழக்கம். அன்றைக்குக் கீபோர்டு கிடையாது, தபேலா கிடையாது, மணிகூட அடிக்க மாட்டார்கள். ஒரு பெண் குரல் மட்டும். ஒவ்வொரு அடியும் "மகனே" என்று உச்சிக்கு ஏறி முடியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து அதைப் பாடியது நான்தான். அந்த "மகனே"யை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று பங்குச் சாமியாருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் எனக்குத் தைராய்டு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் தொண்டைக்குப் போகிற ஒரு மெல்லிய நரம்பு களைத்துப்போகலாம், பேச்சு வந்துவிடும், மேல் ஸ்தாயி வருமா என்று பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்த மாதிரியே ஆயிற்று. பேச்சு வந்தது. விலை சொல்ல, கடன்காரரை விரட்ட, மகளைத் திட்ட அது போதும். பாட உட்கார்ந்தால் ஒரு மட்டத்துக்கு மேல் காற்றுதான் வந்தது. போன வருஷம் புலம்பலை யாரும் பாடவில்லை. சாமியார் ஒலிபெருக்கியில் ஜெபமாலை சொல்லிச் சமாளித்தார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். மாதாவுக்காக அழுததாகச் சனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை, எனக்கு ஆபரேஷன் ஆன அதே வருஷம் அந்தப் பாடகருக்கும் தொண்டையில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. குழு கலைந்துவிட்டது என்றார்கள், இல்லை என்றார்கள். பிறகு சத்தமே இல்லை. இந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குச் சாம்பல் பூசிக்கொண்டு வந்து கடையைத் திறந்து, போனைப் பார்த்தால் அறிவிப்பு. புது ஆல்பம். பாடகர் அதே ஆள்.

எனக்கு இருந்த ஆவல் மற்ற ரசிகர்களுடையது மாதிரி அல்ல. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அந்த உடைந்த குரலை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன செய்தார், அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆனால் கேட்க முடியாது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் ஒறுத்தல் உண்டு. மனசுக்குப் பிடித்த ஒன்றை ஈஸ்டர் வரை விட்டுவிட வேண்டும். பிடிக்காததை விடுவது கணக்கில் சேராது. என் கணவர் டீயை விடுவார், விட்டுவிட்டு எல்லோர்மேலும் எரிந்துவிழுவார். நான் வருஷாவருஷம் விடுவது இந்தக் குழுவின் பாட்டை. கடையில் ஸ்பீக்கர் ஊமையானால், இந்துக்களான எங்கள் வாடிக்கையாளர்களே, "அக்காவுக்கு விரதம் வந்திருச்சு, இனிமே நாப்பது நாளைக்கு நிம்மதியாப் பேசலாம்" என்பார்கள். அன்று காலையில்தான் பலிபீடத்துக்கு முன்னால் நின்று ஒறுத்தலை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு நாள் முன்னால் அறிவித்திருந்தால் வேறு எதையாவது விட்டிருப்பேன். மீனை விட்டிருப்பேன்.

உளுந்து பூப்பிடிக்கிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாடற்குழுவை நடத்துகிற டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஊரையே வகுப்பாக நினைத்துக்கொண்டிருப்பவர்.

"இந்த வருஷமும் புலம்பல் இல்லாம விட முடியாதும்மா. சனங்க கேக்குறாங்க. நீ பாடுறியா, இல்ல கான்வென்ட் சிஸ்டர்கிட்ட சொல்லி ஒரு பொண்ணைத் தயார் பண்ணட்டுமா?"

"குருத்து ஞாயிறு அன்னைக்குச் சொல்றேன், டீச்சர்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? குரல் இருக்கா இல்லையான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதுதான் உண்மை. முடியாது என்று சொல்லிவிட்டால் அது வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். போனால் திரும்பி வராது, எங்கள் கோயிலில் பொறுப்புகள் அப்படித்தான். முடியும் என்று சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னால் காற்றை ஊதிக்கொண்டு நிற்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கப் போனைத் தொடவில்லை. தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு மட்டும் மாலையில் போன் போட்டேன்.

"கேட்டியா?"

"கேட்டேம்மா. ஒரு மாதிரி இருக்கு. நீயே கேளு."

"ஒரு மாதிரின்னா?"

"நான் சொன்னா நீ கேட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் ஒறுத்தல் போச்சுன்னு என்னைத் திட்டுவ." வைத்துவிட்டாள். என் வளர்ப்பு அப்படி.

ஞாயிற்றுக்கிழமைகள் தவக்காலக் கணக்கில் சேராது என்று ஒரு பிரசங்கத்தில் கேட்ட ஞாபகம் இருந்தது. கணவரிடம் மெல்ல எடுத்துவிட்டேன். "அப்ப நானும் ஞாயித்துக்கிழமை டீ குடிக்கலாமா?" என்றார். குடிக்கக் கூடாது என்றேன். "அப்ப நீயும் கேக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். டீ குடிக்காத மனுஷனிடம் நியாயம் பேசக் கூடாது.

சனிக்கிழமை மதியம், கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் கேட்டால்தானே குற்றம்? இன்னொருவர் கேட்டு எனக்குச் சொன்னால்? செய்தி கேட்பது பாட்டுக் கேட்பதாகுமா?

"என்னங்க, நீங்க கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்களேன்."

"எனக்கு அதுல என்ன தெரியும்? எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் கேக்கும் எனக்கு."

"தெரியாதது நல்லது. இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லுவீங்க."

அவர் பாவம், மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, வண்டியில் போகும்போது போன் பேச வைத்திருக்கும் பழைய இயர்ஃபோனை இரண்டு காதிலும் சொருகிக்கொண்டார். நான் எதிரே நின்றேன். முதல் பாட்டுக்குக் கால் ஆடியது. இரண்டாவதற்கு நின்றது. மூன்றாவதில் ஒருவர் வந்து உளுந்துக்கு டிஏபி உரம் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்து, ராத்திரி ஊறவைத்து வடிகட்டித் தெளியுங்கள் என்று சொல்லித் திரும்புவதற்குள் கணவர் கண்ணை மூடியிருந்தார். ரசிக்கிறாரா, தூங்குகிறாரா? பக்கத்தில் போய்ப் பார்த்தேன். "தூங்கல, கேக்குறேன்" என்றார், மூடிய கண்ணோடு.

முடிந்ததும் ஒவ்வொரு பாட்டாகச் சொல்லவைத்தேன்.

"முதல் பாட்டு, நம்ம போர் மோட்டார் ஏர் புடிச்சுக்கிட்டு, திணறித் திணறி அப்புறம் தண்ணி எடுக்குமே, அந்த மாதிரி ஆரம்பிக்குது. நல்லாதான் இருக்கு. ரெண்டாவதுல கிடார் ஒண்ணுதான் கேக்குது. நீ எப்பவும் ரெண்டு கிடார்ம்பியே, ஒருத்தன் வரல போல."

இரண்டாவது கிடார்க்காரருக்கும் பாடகருக்கும் சண்டை என்று முன்பே ஒரு வதந்தி உண்டு. அந்த நிமிஷமே மனசுக்குள் அந்தச் சண்டைக்கு ஒரு முழுக் கதை கட்டிவிட்டேன். யார்மேல் தப்பு என்றுகூடத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"குரல்? அதைச் சொல்லுங்க."

"கரகரன்னு இருக்கு. கீழயே பாடுறாரு. நாலாவது பாட்டுலதான்..." நிறுத்தினார்.

"நாலாவதுல என்ன?"

"பாடிக்கிட்டே வர்றாரு. இப்ப மேல போவாரு, கத்துவாருன்னு எனக்கே தோணுது. அந்த எடம் வந்ததும் விட்டுடுறாரு."

"விட்டுடுறாருன்னா? இருமுறாரா? குரல் உடையுதா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா நிக்கிறாரு. மூச்சு மட்டும் கேக்குது. தாளம் அது பாட்டுக்குப் போவுது. அப்புறம் கீழேருந்து மறுபடியும் ஆரம்பிக்கிறாரு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

"கேக்க அசிங்கமா இருக்கா?"

அவர் இயர்ஃபோனைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். "இல்ல. அந்த எடத்துல நமக்கே தொண்டை அடைக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. எவ்வளவு நேரம் நிற்கிறார், வாய் திறந்திருக்கும் மாதிரி கேட்கிறதா மூடியிருக்கும் மாதிரியா, மறுபடி ஆரம்பிக்கும்போது அவசரப்படுகிறாரா. கடைசியில், "ஒரு டீ போட்டுக் குடு, இன்னும் சொல்றேன்" என்றார். கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாடிப் பார்த்தேன். சுருதியை நன்றாக இறக்கிக்கொண்டேன். கீபோர்டு இல்லாத பாட்டில் அது ஒரு வசதி, நாம் வைத்ததுதான் சுருதி. அடியின் கடைசியில் "மகனே" வரவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். முதலில் கூச்சமாக இருந்தது. வாசலில் ஆள் வந்து நிற்கிறது, கதவைத் திறக்காமல் இருக்கிறோம் என்கிற மாதிரி. ஆனால் அந்த மனுஷன் செய்திருக்கிறார், என் கணவர் காதால் கேட்டிருக்கிறார். பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று ஓலையைப் பிடித்துக்கொண்டே டீச்சரிடம் போய், பாடுகிறேன் என்றேன். எப்படி என்று சொல்லவில்லை.

பெரிய வெள்ளி மூன்று மணிக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. வெயில் வேறு. வரிசை நகர ஆரம்பித்ததும் நான் ஆரம்பித்தேன். கீழ்க்குரலில், எனக்கே பழக்கமில்லாத ஒரு குரலில். முதல் அடியின் முடிவு வந்தது. நிறுத்தினேன். காலடிகள் கேட்டன, மின்விசிறி கேட்டது. டீச்சர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. என் மூச்சு மைக்கில் எனக்கே கேட்டது. மறுபடி கீழேயிருந்து தொடங்கினேன். மூன்றாவது தடவை நிறுத்தியபோது முன்வரிசையில் நின்ற ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவருடைய மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில் இறந்தவன். அவரைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு பாடி முடித்தேன்.

வெளியே வந்ததும் டீச்சர், "மொத தடவை வரி மறந்துட்டியோன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவையும் விட்டப்பதான் நீ வேணும்னே செய்றன்னு புரிஞ்சுது" என்றார். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். "அது தெரியல. வீட்டுக்குப் போய்த்தான் அழணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். "பாவம், அந்தம்மாவுக்குக் குரலு போயிருச்சு" என்று பின்னால் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. இரண்டும் சரிதான்.

ஈஸ்டர் காலை. கணவர் இரண்டாவது டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார், வீட்டில் பிரியாணி வாசனை. முந்தின நாள் வந்திருந்த மகளின் பெரிய ஹெட்ஃபோனை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு மோட்டார் ஏர் பிடித்த மாதிரியேதான் ஆரம்பித்தது. இவ்வளவு துல்லியமாகச் சொன்ன மனுஷனை நினைத்துச் சிரித்தேன். இரண்டாவது பாட்டில் இரண்டு கிடார் இருந்தன. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று வம்புக்கு இழுத்துக்கொண்டு, பழையபடியே. சண்டையும் இல்லை, பிரிவும் இல்லை. நான் தீர்ப்புச் சொன்ன வழக்கே இல்லை. என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாலாவது பாட்டு. இடது காதில் அவர் கரகரப்பாக வந்தார். அந்த இடம் வந்தது. நிறுத்தினார். மூச்சு கேட்டது. அதே நொடியில் வலது காதில் இன்னொரு குரல் எழுந்து மேலே போனது. கல்லூரி மைதானத்தில் கேட்ட அதே குரல், ஒரு கீறல் இல்லாமல், உச்சிவரை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. யார் இது என்று மகளிடம் கேட்டேன்.

"அவரேதாம்மா. பழைய ரெக்கார்டிங் எல்லாத்தையும் வெச்சு கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல். அவங்களே சொல்லியிருக்காங்க. அதான் ஒரு மாதிரி இருக்குன்னேன்." அப்புறம் அக்கறையாகச் சொன்னாள்: "உனக்கும் பண்ணலாம்மா. நீ பெரிய வெள்ளிக்குப் பாடுனதெல்லாம் என் போன்ல வருஷாவருஷம் எடுத்து வெச்சிருக்கேன்ல."

ஆசையாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. என் "மகனே" அவள் போனுக்குள் பத்திரமாக இருக்கிறது, எடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாடகரை இனி நான் குறை சொல்ல முடியாது. யாராவது நீட்டியிருந்தால் நானும் கையை நீட்டியிருப்பேன். எங்கள் பெரிய வெள்ளிக்கு வெறும் குரலைத் தவிர எதுவும் ஆகாது என்ற ஒரு வழக்கம்தான் எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது.

எழுந்து கணவரிடம் போனேன். "உங்க இயர்ஃபோன்ல ரெண்டு பக்கமும் கேக்குதா?"

"வலது பக்கம் போயி ஒரு வருஷம் ஆச்சே. வண்டியில போறப்ப காதுல காத்து அடிக்கக் கூடாதுன்னு சும்மா சொருகிக்குவேன்." டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் முதல்தடவையாக ஏதோ தெரிந்தது. "ஏன், நான் தப்பாச் சொல்லிட்டேனா? அத நம்பியா கோயில்ல அப்படிப் பாடுன?"

"சரியாத்தான் சொன்னீங்க" என்றேன். "அதை எனக்குக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புதுசு வாங்கித் தர்றேன்."

"ஒரு பக்கம் கேக்காதுன்னு சொல்றேன்."

"தெரியுதுங்க" என்று சொல்லி, ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையிலிருந்து சிக்கலோடு அதை எடுத்து, அவிழ்த்து, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு நாலாவது பாட்டை முதலிலிருந்து போட்டேன்.